ஏமாறுவது என்று ஆகிவிட்டது, எதில் ஏமாறலாம்?

போன வாரம் சிம்மக்கல் நூலகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு சண்டை. அடிதடி இல்லை, வாய்ச்சண்டைதான், ஆனாலும் கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன், பேய்க்கதைப் பைத்தியம், ‘ஷைனிங்’ நாவலின் இரண்டாம் பாகமான ‘டாக்டர் ஸ்லீப்’ படித்து முடித்த சூட்டோடு வந்து பொரிந்து தள்ளினான். “அண்ணே, ‘ஷைனிங்’ படிச்சிட்டு மூணு நாள் பாத்ரூம் கதவத் தாப்பா போடாமக் குளிச்சேன். இதுல என்னண்ணே, வில்லன் கூட்டத்துக்கு மணல்வாரி அம்மை வந்து சாகுது!”

பக்கத்தில் இருந்த வாத்தியார் (பணி ஓய்வு பெற்றவர், எங்களுக்கு எப்போதும் சார்தான்) நிதானமாகச் சொன்னார்: “ரொம்ப நேரம் காக்க வெச்ச பந்தியில உப்புக் கொறைஞ்சாக்கூடக் கோவம் வரும்யா. எழுதினவன் மேல தப்பு இல்ல, நீ எதிர்பார்த்ததுதான் தப்பு.”

சார் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த மூன்று இரண்டாம் பாகங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் உலகமே காத்திருந்து வாங்கிய நாவல்கள், மூன்றிலும் வாசகர்கள் முகம் சுளித்தார்கள். தாமஸ் ஹாரிஸின் ‘ஹானிபல்’, ஸ்டீபன் கிங்கின் ‘டாக்டர் ஸ்லீப்’, ஐரா லெவினின் ‘சன் ஆஃப் ரோஸ்மேரி’. முடிவுகளையெல்லாம் உடைத்துத்தான் பேசப் போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் காத்திருப்புக் கணக்கு. ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ 1988, ‘ஹானிபல்’ 1999, ஆக 11 வருடம். ‘ரோஸ்மேரிஸ் பேபி’ 1967, அதன் தொடர்ச்சி 1997, சரியாக 30. ‘தி ஷைனிங்’ 1977, ‘டாக்டர் ஸ்லீப்’ 2013, 36 வருடம். சாரின் கணக்குப்படி பார்த்தால் 36 வருடம் காக்கவைத்த கிங்தான் அதிகம் திட்டு வாங்கியிருக்க வேண்டும், 11 வருடத்தில் முடித்த ஹாரிஸ் தப்பித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. கிங்கின் புத்தகத்துக்கு, பேய்க்கதைகளுக்கென்றே கொடுக்கிற பிராம் ஸ்டோக்கர் விருதே கிடைத்தது, முணுமுணுத்தவர்களும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் முணுமுணுத்தார்கள். ஹாரிஸ் மீதுதான் ஆட்கள் உண்மையிலேயே கொதித்தார்கள். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். லெவினின் இரண்டு புத்தகங்களையும் ஒரே பழைய புத்தகக் கடையில் ஒரே நாளில் வாங்கி, ஒன்று முடிந்த மறுநாள் மற்றதைத் தொடங்கினேன். காத்திருப்பு ஒரு ராத்திரி. ஏமாற்றம் மட்டும் அப்படியே வந்து சேர்ந்தது.

லெவினை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. முதல் பாகத்தில் ஒரு இடம் உண்டு: தன்னை அறியாமல் சாத்தானின் பிள்ளையைச் சுமக்கிற ரோஸ்மேரி எழுத்துக் கட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்து, பக்கத்து வீட்டுக் கிழவர் யார் என்று கண்டுபிடிப்பாள். ரத்தம் கிடையாது, சத்தம் கிடையாது, தரையில் உட்கார்ந்து எழுத்து அடுக்குகிற ஒரு கர்ப்பிணி மட்டும்தான், ஆனால் நமக்கு முதுகில் சில்லென்று ஏறும். இரண்டாம் பாகத்தில் அவள் 1973-ல் கோமாவில் விழுந்து 1999-ல் எழுகிறாள். சாத்தானின் பிள்ளைக்கு இப்போது 33 வயது, உலகமே கொண்டாடும் தலைவன், புத்தாயிரம் பிறக்கும் நள்ளிரவில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்கிறான், மெழுகுவர்த்தியில்தான் வினை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? கடைசியில் திடுக்கிட்டு விழிக்கிறாள், எல்லாம் கனவு, மறுபடி 1965. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் மாத நாவலில்கூட இந்தக் கனவு வேலையைப் பார்த்தால் நாம் விட மாட்டோம். இதில் கூத்து, இந்தப் புத்தகத்திலும் ஒரு எழுத்துப் புதிர் வருகிறது, பல பாத்திரங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், விடையைச் சொல்லாமலே புத்தகத்தை மூடிவிடுகிறார். இந்தக் கனவால் தொடர்ச்சி மட்டும் கெட்டிருந்தால் போகிறது என்று விடலாம். முதல் பாகமே நடந்ததா இல்லையா என்று சந்தேகப்பட வைத்துவிட்டது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, இனி உண்மையான போட்டி. ஹாரிஸா, கிங்கா?

இரண்டு பேருக்கும் ஒரே சிக்கல்தான். முதல் பாகத்தில் பயம் எங்கிருந்து வந்ததோ அந்த ஊற்று தீர்ந்துபோயிருந்தது. ‘ஷைனிங்’கில் பேய்கள் குடியிருந்த அந்த ஓவர்லுக் ஓட்டலே கடைசியில் கொதிகலன் வெடித்து எரிந்துவிடுகிறது (படத்தில் ஓட்டல் அப்படியே நிற்கும், நாவலில் இல்லை). ‘லாம்ப்ஸ்’ முடியும்போது மனிதர்களைக் கொன்று தின்கிற மனநல மருத்துவர் ஹானிபல் லெக்டர் காவலிலிருந்து தப்பிவிடுகிறார். அங்கே பயமுறுத்துகிற இடம் சாம்பல், இங்கே பயமுறுத்துகிற ஆள் கம்பிக்கு வெளியே.

கம்பிக்கு வெளியே வந்த லெக்டரை ஹாரிஸ் என்ன செய்தார் என்பதுதான் பெரிய வழக்கு. அடைபட்டுக் கிடந்தபோது அந்த ஆள் எத்தனை பக்கம் வந்தார் என்று எண்ணிப் பாருங்கள், குறைச்சல்தான். குரலும் கண்ணும்தான் வேலை செய்தன. எஃப்.பி.ஐ.யில் பயிற்சியில் இருக்கிற ஸ்டார்லிங் என்ற பெண் அவரிடம் ‘உங்களை இப்படி ஆக்கியது எது’ என்கிற மாதிரி கேட்கப் போகும்போது, எனக்கு எதுவும் நடக்கவில்லை, நடந்தது நான்தான் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார். அந்த ஒரு பதிலில்தான் அந்தப் பாத்திரமே நின்றது. ‘ஹானிபல்’ நாவலில் அதே ஹாரிஸ், சின்ன வயதில் லெக்டரின் தங்கை மீஷாவைப் பசியில் இருந்த ஆட்கள் கொன்று தின்ற கதையைக் கொண்டுவந்து, பார்த்தாயா, இதனால்தான் இப்படி ஆனான் என்கிறார். போதாததற்கு 2006-ல் அந்தப் பால்யத்துக்கே தனியாக ஒரு நாவல்.

இங்கே நான் அழகர்கோயிலைத்தான் நினைத்துக்கொள்வேன். பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் சிலை கிடையாது. மூடின கதவு, அந்தக் கதவுக்குத்தான் சந்தனம், மாலை, கும்பிடு எல்லாம். சொத்துத் தகராறில் எப்பேர்ப்பட்ட வாய்ச்சவடால்காரனையும் அங்கே வந்து சத்தியம் பண்ணு என்றால் கால் பின்னும். உள்ளே மீசை எத்தனை அங்குலம், அரிவாள் எந்தப் பட்டறையில் அடித்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹாரிஸ் கதவைத் திறந்து உள்ளே விளக்கும் போட்டுவிட்டார்.

அப்படியானால் ‘ஹானிபல்’ குப்பையா என்றால், அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அந்த ஃப்ளாரன்ஸ் பகுதியை நான் நாலு தடவை படித்திருக்கிறேன். லெக்டர் வேறு பெயரில் ஒரு பழைய மாளிகையின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டு நாகரிகமாக வாழ்கிறார். பாட்சி என்ற போலீஸ் அதிகாரி அவரை அடையாளம் கண்டும் கைது செய்யாமல், வெகுமதிப் பணத்துக்காக லெக்டரால் முகத்தை இழந்த மேசன் வெர்ஜர் என்கிற கோடீஸ்வரனிடம் விற்கப் பார்க்கிறார். பாட்சியின் வம்சத்தில் ஒருவரை 1478-ல் மெடிச்சி குடும்பத்துக்கு எதிரான சதிக்காக அரண்மனை ஜன்னலில் தூக்கில் தொங்கவிட்டார்கள். அது வரலாற்றில் நிஜமாகவே நடந்தது. நாவலில் அதே பலாஸ்ஸோ வெக்கியோவின் ஜன்னலில் இந்த பாட்சியும் தொங்குகிறார். படிக்கும்போது அந்த ஆளின் பேராசை, பெண்டாட்டிக்கு நல்ல வாழ்க்கை கொடுக்க வேண்டும் என்கிற அற்ப நியாயம் எல்லாம் நமக்கும் இருப்பதுதானே என்று தோன்றும், தோன்றிக்கொண்டிருக்கும்போதே கயிறு இறுகும். இப்படி ஒரு நூறு பக்கம் மற்ற இரண்டு புத்தகங்களிலும் கிடையாது.

அப்புறம் அந்த முடிவு. ஸ்டார்லிங்குக்கு மருந்து கொடுத்து, மனதைக் கலைத்து, அவளும் லெக்டர்கூட உட்கார்ந்து மனித மூளை விருந்தைச் சாப்பிட்டு, கடைசியில் இருவரும் ஜோடியாக ப்யூனோஸ் அய்ரெஸ் ஓபரா அரங்கில். 1991-ல் வந்த ‘லாம்ப்ஸ்’ படத்தில் ஸ்டார்லிங்காக நடித்த ஜோடி ஃபாஸ்டர் 2001-ல் எடுத்த தொடர்ச்சிக்கு வரவில்லை, ஜூலியான் மூர்தான் நடித்தார். படத்தில் முடிவையே மாற்றிவிட்டார்கள், அவள் அவருடன் போகவில்லை. எடுத்தவர்களுக்கே ஜீரணமாகவில்லை என்றால் வாசகனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் முதல் தடவை படித்தபோது புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன், அட்டை கிழிந்தது, இன்னும் செல்லோ டேப்போடுதான் இருக்கிறது. ஆனால் இருபது வருடம் கழித்தும் அந்த முடிவைப் பற்றி யாரிடமாவது வாதம் செய்துகொண்டிருக்கிறேன். நேர்மையாக வேலை பார்த்த ஒரு பெண்ணை அலுவலகமே கைகழுவிய பிறகு அவள் எங்கே போவாள் என்று ஹாரிஸ் கேட்டதாகவும் அதைப் படிக்கலாம். எனக்கு அது முழுசாகச் சம்மதமில்லை, ஆனால் கேள்வி வலுவானது.

கிங் நேர் எதிர்ப் பக்கம். கதவைத் திறக்கவும் இல்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. ஆரம்பத்தில் ஒரே ஒரு அத்தியாயத்தில் பழைய பயத்தைக் காட்டுகிறார்: 217-ஆம் அறையின் செத்த கிழவி, ஓட்டலே எரிந்துபோன பிறகும், சின்னப் பையன் டேனியைத் தேடி அவன் வீட்டுப் பாத்ரூமுக்கே வந்துவிடுகிறாள். ஓட்டலில் சமையல்காரராக இருந்த ஹாலரன் பெரியவர் வந்து, இதுகளை மனசுக்குள் ஒரு பெட்டி செய்து அதில் பூட்டி வை என்று சொல்லிக்கொடுக்கிறார். அருமை. அதோடு பயமும் பெட்டிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வருகிற ட்ரூ நாட் கும்பல் வண்டியில் ஊர் ஊராகத் திரிந்து, சக்தியுள்ள குழந்தைகளைச் சித்திரவதை செய்து அவர்கள் உயிர்மூச்சைக் குடிக்கிற கூட்டம். காகிதத்தில் பயங்கரம்தான், ஆனால் ஆப்ரா என்கிற சிறுமியிடம் மோதுகிற ஒவ்வொரு தடவையும் தோற்கிறார்கள். தம்பி சொன்ன அம்மையும் சேர்ந்துகொள்கிறது. தோற்றுக்கொண்டே இருக்கிற வில்லனைப் பார்த்து எவனுக்குப் பயம் வரும்? போதாக்குறைக்கு ஆப்ரா, டேனி வளர்ந்து ஆளான டேனுக்கு மருமகள் முறை என்று ஒரு உறவு வேறு. சீரியல் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

பயத்துக்கு மார்க் போட்டால் கிங் அதிலேயே அவுட். ஆனால் எங்கள் சித்தப்பா குடித்தே அழிந்தவர், அதனால் என்னால் அந்தப் புத்தகத்தைச் சும்மா தள்ளிவைக்க முடியவில்லை. ஒரு காலையில் டேன் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டில் போதை தெளிந்து எழுந்து, அவள் பர்ஸில் இருக்கிற காசைத் திருடுகிறான். அவளுடைய சின்னக் குழந்தை மேஜையில் கிடக்கிற கொக்கெயினை மிட்டாய் என்று நினைத்துக் கை நீட்டுகிறது. ஆப்ராவும் கும்பலும் மறந்துபோனாலும் இது மறக்காது. குடியை நிறுத்திப் 15 வருடம் ஆன நாளில், பேயைப் பற்றிப் பேசக்கூட அஞ்சாத அந்த ஆள், இந்த ஒரு திருட்டைச் சொல்ல எழுந்து நிற்பதற்குத்தான் நடுங்குகிறான். சித்தப்பா நல்ல நாளில் எங்கள் சித்தியின் தோடு காணாமல்போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘ஷைனிங்’ எழுதியபோது தானே குடிகாரனாக இருந்ததையும், இதை எழுதியவன் வேறு ஆள் என்பதையும் கிங் பின்னுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆக, அதே வீட்டில் குடியேறிய வேறு ஆளிடம் போய்ப் பழைய பேயைக் கேட்டிருக்கிறோம்.

இதைத்தான் மறுநாள் சாரிடமும் தம்பியிடமும் சொன்னேன். லெவின் முதல் பாகத்தையும் சேர்த்துக் கெடுத்தார், ஹாரிஸ் பிடிக்காததைத் துணிந்து செய்தார், கிங் நல்ல நாவலைத் தப்பான பெயரில் கொடுத்தார். தலைமாட்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் புரட்டுவது என்றால் எனக்கு ‘ஹானிபல்’தான், செல்லோ டேப்போடு. வீட்டில் குடிக்கிற ஆள் இருந்து அந்த வலி தெரிந்தவர்களுக்கு ‘டாக்டர் ஸ்லீப்’, ஆனால் ராத்திரி பாத்ரூம் கதவைத் தாராளமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம்.

சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப எதிர்பார்க்கறது தப்பில்லங்கறீங்க” என்றார். தப்பே இல்லை சார் என்றேன், டீக்கு அவரே காசு கொடுத்தார். தம்பி மூன்றையும் இரவல் கேட்டான். இரண்டைக் கொடுக்கும்போது எந்தத் தேதியில் திரும்பி வரும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டேன். ‘சன் ஆஃப் ரோஸ்மேரி’யை மட்டும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.