கொடுமணல் – தாராபுரம் – புகளூர் வேன் சுற்றுலா: 5க்கு மூன்றரை

ஈரோட்டிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரி கொண்டுவந்து விடுகிற சுற்றுலா இது. தலைக்கு 1,800 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. குறையும் சொல்லப் போவதால் நடத்துபவர்களின் பெயரை விட்டுவிடுகிறேன். ‘பழைய சமஸ்கிருத நூல்களிலும் மண்ணுக்கடியிலும் நம்ம கொங்கு ஊர்கள்’ என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். மண்ணுக்கடியில் இருந்ததைக் காட்டிய விதம் அருமை. நூல் பக்கம் வந்தால்தான் வழிகாட்டித் தம்பி வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுகிறார்.

முதலில் கொடுமணல், சங்ககாலத் தொழிலூர். சென்னிமலையைத் தாண்டி நொய்யலின் வடகரையில் இருக்கிறது. தோண்டிய குழிகளை மூடிவிட்டதால் வெறும் காடாகத்தான் தெரியும். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று வேனில் ஒருவர் முனகினார். ஆனால் தம்பி கையில் நல்ல படத் தொகுப்பு ஒன்று இருந்தது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் செய்த அகழாய்வு, இரும்பு உருக்கிய உலைகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, அது கிடைத்த திசைக்கே கூட்டிப்போய் நிறுத்தினார். பழைய புதைகுழிகளைச் சுற்றிய கல்வட்டங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, சேரர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்ற வரியைச் சொன்னபோது முனகியவரும் அடங்கிவிட்டார்.

அர்த்தசாஸ்திரத்தையும் அங்கேயே எடுத்தார், பொருத்தமான இடம்தான். வியாபாரத்துக்கு வடக்கு வழி நல்லதா, தெற்கு வழி நல்லதா என்று அதில் ஒரு விவாதம் வரும். கம்பளி, தோல், குதிரை நீங்கலாக, சங்கு, வைரம், மணி, முத்து, பொன் எல்லாம் தெற்கு வழியில்தான் ஏராளம் என்பது கௌடில்யர் கட்சி. குஜராத்துச் சூதுபவளக் கல்லும் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லும் வந்து சேர்ந்த ஊரில் நின்று அதைக் கேட்க நன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் வினை ஆரம்பித்தது. காங்கயம் பக்கத்துப் படியூரில் வண்டியை நிறுத்தி, பதஞ்சலியின் மகாபாஷியம் என்ற சமஸ்கிருத இலக்கண உரைக்குப் போனார். வைடூரியம் வாலவாய மலையில் கிடைக்கும், விதூரத்தில் பட்டை தீட்டப்படும் என்று அதில் வருகிறது. இல்லையென்றால், வணிகர்கள் வாரணாசியை ஜித்வரி என்று அழைப்பதுபோல இலக்கணக்காரர்கள் வாலவாயத்தையே விதூரம் என்பார்களாம். இதுவரை சரி. ‘படியூரில் வைடூரியம் என்கிற பச்சைக்கல் கிடைத்தது, கொடுமணலில் மணி செய்தார்கள், ஆகவே விதூரம் என்பது நம்ம கொடுமணல்தான்’ என்று தம்பி முடித்துவிட்டார். வேனில் கைதட்டல் வேறு.

கூட வந்த என் பெரியப்பா காங்கயத்தில் கல் பட்டை தீட்டும் வேலையிலேயே காலம் தள்ளியவர். கொடுமணல் மணிகளின் படத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தட்டிச் சீராக்கியது, துளையிட்டது, மெருகேற்றியது என்று எல்லா நிலையிலும் இருந்தன. “ஓட்டை போடறப்பத்தான் பாதிக் கல்லு போயிருங் கண்ணு” என்றார் என்னிடம். பிறகு தம்பியைப் பார்த்து, “ஏனுங் தம்பி, கல்லு கிடைக்கிற ஊரும் தீட்டற ஊரும் எங்கயுமே வேற வேறதானுங்களே? அத வெச்சு எப்படீங்க இந்த ஊருதான்னு சொல்றது?” என்று கேட்டார். தம்பி சிரித்துக்கொண்டே டிரைவரைக் கிளம்பச் சொன்னார். 1,800 ரூபாயில் பாதி அந்தக் கேள்வியிலேயே வசூலாகிவிட்டது எனக்கு.

காங்கயத்தில் அரிசிம்பருப்புச் சாப்பாடு, நெய் தாராளம்.

தாராபுரத்தை மகாபாரத விராடபுரம் என்பது அந்த ஊர் ஐதீகம். ஊர்க்காரர்கள் சொல்லட்டும், ஐதீகத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ‘நூல்’ என்று சொல்பவர், விராடனின் மச்ச நாடு ராஜஸ்தான் பக்கம் என்பதையும், ஜெய்ப்பூருக்கு வடக்கே அசோகர் கல்வெட்டு கிடைத்த பைராட்டைத்தான் ஆய்வாளர்கள் விராட நகரமாகக் காட்டுகிறார்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டாமா? கதையில் கௌரவர்கள் விராடனின் மாடுகளை ஓட்டிப்போக வருகிறார்கள். அஸ்தினாபுரத்திலிருந்து தாராபுரம் வரைக்குமா? காங்கயம் மாடு என்றால் வந்தாலும் வந்திருப்பார்கள்.

சேர, சோழ, பாண்டிய நாடுகளின் பெயர்கள் பழைய வடநூல்களில் வருகின்றன, உண்மைதான். உள்நாட்டுக் கொங்கு ஊர்களுக்கோ சங்கப் பாட்டும், பானை ஓடும், பாறை எழுத்துமே நேர்ச் சாட்சி. வடக்கத்திப் பெயர் ஒன்றை இங்கே மண்ணோடு சேர்த்துக் காட்டியே ஆக வேண்டும் என்றால் கைவசம் நல்ல உதாரணம் உண்டு. அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுதர் யார் என்று வெகுகாலம் இழுபறியாக இருந்தது. 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. தகடூர், அதாவது இன்றைய தருமபுரியின் அதியமான்! கொங்குச் சுற்றுலாவில் இதை விட்டுவிட்டு விராடனைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

கரூரை ஓட்டமாக முடித்தார்கள். பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி ‘கரௌரா’ என்று எழுதியதும், அமராவதி மணலில் ரோமானியக் காசும் சேரர் காசும் கிடைத்ததும் வேனிலேயே பேச்சாகப் போய்விட்டன.

புகளூர் ஆறுநாட்டார் மலைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. இதுதான் என் பெரிய குறை. நாள் முழுக்கப் பார்த்ததெல்லாம் ஒன்றுகூடும் இடமே அதுதான். ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் அந்தப் பாறையில் இருக்கின்றன. இளங்கடுங்கோ இளவரசனானபோது செங்காயபன் என்ற சமணத் துறவிக்கு வெட்டிக்கொடுத்த உறைவிடம். இந்த மூவரைப் பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துத் தலைவர்களோடு அறிஞர்கள் பலர் சேர்த்துப் பார்க்கிறார்கள். காலையில் கேட்ட கொடுமண வரி 8ஆம் பத்தில்தான் வருகிறது. கருவூர்ப் பொன் வணிகன் ஒருவன் பெயரும் பக்கத்திலேயே உண்டு. அத்தனையையும் ஆளுக்கு ஒரு செல்போன் வெளிச்சத்தில் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

போகலாமா என்றால் போகலாம். புக் பண்ணும்போதே புகளூரை முதலில் வைக்கச் சொல்லுங்கள், ஆள் சேர்ந்தால் மாற்றுவதாக டிரைவர் சொன்னார். கொடுமணலில் கழிப்பறை வசதி செய்து தரவில்லை. பெண்கள் சென்னிமலையிலேயே நிறுத்தச் சொல்வது நல்லது. வயசானவர்களைக் கூட்டிப்போனால் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கடைசி சீட்டில் உட்கார்ந்த எனக்கு மறுநாள் வரை இடுப்பு வலி.