அண்ணனின் கணைய வலியும் இரண்டு ஆஸ்பத்திரிகளும்

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த சமயத்தில் ஒரு ராத்திரி அண்ணனுக்கு மேல்வயிற்றில் வலி பிடித்தது. முதுகு வரை பாய்ந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை, முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தேவலை. வாந்தி வேறு நிற்கவில்லை.

முதலில் போன ஆஸ்பத்திரியில், "வலி ஊசி போட்டால் என்ன நோய் என்றே தெரியாமல் போய்விடும், ஸ்கேன் வரட்டும்" என்று காக்க வைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. வலியைக் குறைத்த பிறகு வயிற்றைப் பார்த்தாலும் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்பது எப்போதோ தெளிவான விஷயம். அதிலும் அண்ணனுக்கு வந்திருந்த கணைய அழற்சிக்கு (கணையம் வீங்கி வலிப்பது) லைபேஸ் என்ற கணைய நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது இயல்பான உச்ச அளவைவிட 3 மடங்குக்கு மேல் ஏறி, வலியும் இந்த மாதிரி இருந்தால் ஸ்கேன் இல்லாமலே முடிவு சொல்லிவிடலாம்.

அடுத்து போன இடத்தில் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "வலிக்கு 10-க்கு எவ்வளவு போடுவீங்க, அண்ணா?" 9 என்றான். பாராசிட்டமால் டிரிப், அதோடு நரம்பில் கொஞ்சமாக ஃபென்டனில் என்ற மார்ஃபின் வகை வலி மருந்து. சற்று நேரத்தில் திரும்பி வந்து மறுபடி கேட்டார். 6 என்றதும் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் மூச்சை எண்ணினார், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார். 3 என்று சொன்னபோதுதான் அண்ணன் காலை நீட்டினான்.

"மார்ஃபின் மாதிரி மருந்து பழக்கமாகிவிடாதா டாக்டர்?" என்று அண்ணி பயந்தார். கண்காணிப்போடு சில நாள் கொடுப்பதில் அந்தப் பயம் வேண்டாம், மலச்சிக்கலும் தூக்கக் கலக்கமும் வரலாம், அதைத்தான் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மார்ஃபின் பித்தநாள வாயிலின் தசையைச் சுருக்கி நோயைக் கூட்டும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி, பெத்திடின் என்ற அதே வகை மருந்தைக் கொடுத்தார்களாம். நோயாளிகளிடம் அப்படிக் கெடுதல் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பெத்திடின்தான், உடலில் சிதைந்து வரும் பொருள் சேர்ந்தால் வலிப்பு வரை கொண்டுபோகும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தையும் அன்று தவிர்த்தார்கள், நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதால். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் டிரிப் ஏற்றி, சிறுநீரை அளந்து குறித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு குறை சொல்ல வேண்டும். நள்ளிரவுக்கு மேல், வலி எத்தனை என்று குறிக்கும் அட்டவணையில் கட்டங்கள் காலியாகவே கிடந்தன. அண்ணனோ கூப்பிட்டால் தொந்தரவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவன். கூட இருப்பவர்கள்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. தயங்காமல் சொல்லுங்கள்.

வாந்தி அடங்கியதும் சாப்பாடு கொடுத்தார்கள், நாள்கணக்கில் பட்டினி போடவில்லை. காரணம் பித்தப்பைக் கல் என்று தெரிந்ததால், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே பித்தப்பையை எடுத்தாயிற்று. கல்லை அப்படியே விட்டிருந்தால் சில வாரங்களிலேயே அதே வலி திரும்பியிருக்கலாம்.