கதிரைக்கு எந்த ரயர்: 3.00-8, 3.50-8, அல்லது ஓட்டோ ரயர்?

போன மாரிக்கு முன்னர் என் மோட்டர் சக்கரக் கதிரையின் பின் ரயர் இரண்டும் தேய்ந்து, இடப்பக்கத்தில் நூல் தெரியத் தொடங்கிவிட்டது. நான் மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருக்கிறேன். வாசலில் இருந்து பிரதான வீதி வரை மணல் ஒழுங்கை, அதன்பிறகு காபட் வீதி, டவுனுக்குப் போவதென்றால் பாலம். மூன்றுக்கும் ஒரே ரயர்தான் ஓட வேண்டும்.

கதிரையில் வந்தது 3.00-8. அகலம் 3 அங்குலம், றிம் 8 அங்குலம் என்று அர்த்தம். சில ரயரில் இதையே 14×3 என்று போட்டிருப்பார்கள்; 14 என்பது ரயரின் வெளி விட்டம். கடையில் "எட்டு றிம் ரயர்" என்று மட்டும் கேட்டால் 4.00-8 ஐ எடுத்துத் தந்துவிடுவார்கள். ஓட்டோவுக்குப் போடுவது அதுதான், எந்த ரயர் கடையிலும் கிடைக்கும். றிம்மின் விட்டம் ஒன்று என்பதால் கதிரைக்கும் சரிவரும் என்று நானும் நம்பினேன். வலப்பக்கம் ஒன்றை ஏற்றிப் பார்த்தோம். பற்றரிப் பெட்டியில் உரசியது. அன்றே கழற்றிவிட்டோம்.

உண்மையான போட்டி 3.50-8 உடன்தான். மச்சான் மேசன் வேலை செய்கிறார். தள்ளுவண்டிக்கென்று புதிதாக வாங்கி வைத்திருந்த சோடியைத் தந்து, "போட்டு ஓடிப் பாருங்க மச்சான், பிடிச்சா வைச்சுக் கொள்ளுங்க" என்றார். இரண்டு கிழமை ஓடினேன். மணலில் அது நன்றாக இருந்தது, அதை மறைக்க முடியாது. பழைய ரயர் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டும் இடத்தில் இது புதையாமல் ஏறிப் போனது. அந்த ஒழுங்கையில் யாரையும் கூப்பிடாமல் வெளியே வந்த சந்தோசம் லேசானதல்ல.

மூன்றாம் நாள் பின்னேரம் அம்மாதான் கண்டார். "என்ன மனே, முன்னுக்குச் சரிஞ்சி இருக்கிற?" அதுவரை மெத்தையில்தான் பிழை என்று நினைத்து, ஒவ்வொரு மணித்தியாலமும் கையை ஊன்றி என்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். மச்சானின் நீர்மட்டத்தை வாங்கி இருக்கைப் பலகையில் வைத்துப் பார்த்தோம். பழைய ரயரில் குமிழி முன்பக்கம் நிற்கும். முன்பக்கம் கொஞ்சம் உயரம், இடுப்பு தானாகப் பின்னுக்குப் போய்ப் பொருந்தும். இப்போது குமிழி கிட்டத்தட்ட நடுவில் நின்றது.

கணக்கு எளிது. 3.50-8 இன் வெளி விட்டம் ஏறத்தாழ 15 அங்குலம். 14 ஐ விட ஒரு அங்குலம் கூட என்றால் அச்சு அரை அங்குலம் உயரும். என் கதிரையில் பின் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் இடையில் 20 அங்குலம். பின்பக்கம் அரை அங்குலம் உயர்ந்தால் கதிரை முழுவதும் ஒன்றரைப் பாகை அளவு முன்னுக்குச் சரியும். நடக்கிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. வயிற்றுத் தசை வேலை செய்யாத என்னைப் போன்றவருக்கு அது நாள் முழுக்க வழுக்குவது. வழுக்கும்போது தோல் மெத்தையோடு உராய்கிறது, அங்கேதான் புண் தொடங்குகிறது. ஒரு புண் ஆற மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறேன். அதனால் எனக்கு மற்ற எல்லாக் கணக்கையும் விட இது பெரிது.

இன்னும் இருக்கிறது. முன் சக்கரத்தின் தண்டு நிலத்துக்கு நேர்குத்தாக நின்றால்தான் அது லேசாகத் திரும்பும். கதிரை சரிந்தால் தண்டும் சரியும். எனக்குத் திருப்பம் கனத்தது. பின்னால் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்களும் நிலத்தை விட்டு மேலே போய்விட்டன, பாலத்தில் ஏறும்போது அவைதான் காவல். சக்கரம் பெரிதானால் வேகம் நூற்றுக்கு ஏழு பங்கு கூடும், மோட்டரின் இழுக்கும் பலம் அதே அளவு குறையும். 1924 இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் திறந்த புதுப் பாலத்தில்தான் நான் போய் வருகிறேன். ஏற்றத்தில் மோட்டர் முன்பை விட முனகியது எனக்குக் கேட்டது. பற்றரி எவ்வளவு கூடச் செலவாகிறது என்று சொல்ல இரண்டு கிழமை போதாது.

முன் சக்கரத்தையும் பெரிதாக்கிச் சமப்படுத்தலாமே என்று மச்சான் கேட்டார். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்குள் இடம் வேண்டும், திரும்பும்போது கால் பலகையில் இடிக்கக் கூடாது. என் கதிரையில் இரண்டுமே இல்லை.

காற்று இல்லாத கட்டி ரயரும் ஒரு வழி. காத்தான்குடியில் ஒரு நண்பர் அதே 14×3 அளவில் அதைத்தான் போட்டிருக்கிறார். அவர் போய் வருவது கல் பதித்த ஒழுங்கைகளில். முள் குத்தும் கவலை இல்லை என்று நிம்மதியாக இருக்கிறார். நான் அரை நாள்தான் அவருடைய கதிரையில் ஓடினேன். ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்கு வந்தது, காலில் தசை இழுப்பும் கூடியது. வழக்கமாக ஓடினால் உடம்பு பழகிவிடுமோ என்னவோ, அரை நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கடைசியில் 3.00-8 ஐயே வாங்கினேன், ரியூப்போடு ஒரு சோடி. நான் கேட்ட கடைகளில் இல்லை, கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தேய்ந்தது என்றால் ஜோய்ஸ்டிக்கை நேரே பிடித்தாலும் கதிரை தேய்ந்த பக்கத்துக்கே இழுக்கும். ரியூப்பின் வால்வு வளைந்ததாக இருக்கட்டும், அப்போதுதான் காற்றுக் குழாய் மாட்ட இடம் இருக்கும். சிறிய ரியூப் கிடைக்கவில்லை என்று ஓட்டோ ரியூப்பை மடித்துத் திணித்தால் மடிப்பில்தான் கிழியும்.

நெருஞ்சி முள் இந்த ரயருக்கும் எதிரிதான். போட்ட பிறகு இரண்டு தரம் காற்றுப் போய்விட்டது. ஆனால் ஒட்டுப்போட எங்கும் ஆள் உண்டு. ஓட்டோ ரயர் ஒட்டுகிறவரிடம் கொடுப்பது நல்லது. ஓட்டோ றிம்மும் கதிரையின் றிம்மைப் போல இரண்டு துண்டாகப் பிரிவது, அவர்களுக்கு அது பழக்கம். ஒருமுறை ஒரு சைக்கிள் கடையில் காற்றை இறக்காமலே றிம்மின் நட்டில் சாவியை வைத்துவிட்டார்கள். கத்தி நிறுத்தினேன். காற்று இருக்கும்போது அந்த நட்டுகள் கழன்றால் றிம் வெடித்துப் பிரியும், முகமோ கையோ போய்விடும். யாரிடம் கொடுத்தாலும் வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்கப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நட்டில் கை வைக்க விடுங்கள்.

மணல் ஒழுங்கைதான் மிச்சம். காற்றைக் குறைத்து ஓடிப் பார்த்தேன், கொஞ்சம் உதவியது. அதிகம் குறைத்தால் ரயர் றிம்மில் நழுவி வால்வை அறுக்கும் என்பதால் விட்டுவிட்டேன். போன ஞாயிறு மச்சான் தன்னுடைய 3.50-8 சோடியைத் தள்ளுவண்டியில் பூட்டி, அதிலேயே ஐந்து நடை கிரவல் கொண்டுவந்து, கதிரை புதைகிற அந்தப் பத்தடிக்குக் கொட்டி மட்டம் பண்ணித் தந்தார். மறுநாள் காலை அதன்மேல் நானே ஓட்டிக்கொண்டு வீதிக்கு வந்தேன்.