விரித்துப் பார்க்கும் ரூட் ட்ரெய்னர்: குச்சிச் செடிகளுக்கு வாங்கலாமா?

குச்சி துளிர்த்துவிட்டது என்றதும் தொட்டிக்கு மாற்றுவதால்தான் பாதிச் செடிகள் போகின்றன. செம்பருத்தியும் காகிதப்பூவும் தண்டில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே இரண்டு மூன்று இலை விட்டுவிடும். அடியில் ஒரு வேர்கூட இருக்காது. இலையை நம்பாமல் வேரையே பார்க்க வழி செய்கிறது என்பதுதான் ரூட் ட்ரெய்னர் என்ற இந்தப் பிளாஸ்டிக் நாற்றுக்குழித் தட்டின் பெரிய பலம். நான்கு குழி கொண்ட ஒவ்வொரு துண்டும் புத்தகம்போல விரியும். ஆழம் 12 செ.மீ.

குழியில் நிரப்ப, கழுவி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் (பொரிந்த எரிமலைக் கல்லின் லேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு போதும். செம்பருத்தியை நான்காவது வாரத்திலிருந்தும் காகிதப்பூவை ஆறாவது வாரத்திலிருந்தும் விரித்துப் பார்க்கலாம். முந்தின நாள் மாலையே தண்ணீர் விட்டிருக்க வேண்டும். காய்ந்த கலவை உதிரும், சொதசொதவென்று இருந்தால் சரிந்து வேரையும் இழுத்துக்கொண்டு போகும். துண்டை மேசையில் படுக்க வைத்து மெதுவாகத் திறக்கவும்.

வெட்டுவாயில் தடித்த வெள்ளை வேர் ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தால் அப்படியே மூடிவிடுங்கள். அவை தொட்டால் ஒடியும், காகிதப்பூவில் இன்னும் மோசம். அந்த வேர்களிலிருந்து மெல்லிய கிளைவேர்கள் பிரிந்து, குறைந்தது மூன்று பக்கச் சுவரைத் தொட்டு, கலவையை உதிராமல் பிடித்திருந்தால் மாற்றலாம். அடியில் பழுப்பேறிய வேர் பின்னிக் கிடந்தால் தாமதமாகிவிட்டது. விரலால் பிரித்துவிட்டு நடவும்.

குறைகளும் உண்டு. கீல் மெலிந்த பிளாஸ்டிக். வெயில்பட்டு விறைத்தபின் அடிக்கடி விரித்தால் கிழியும். குழி குறுகலாக இருப்பதால் சீக்கிரம் காய்கிறது, வெயில் நாளில் தினமும் பார்க்க வேண்டும். தாங்கு சட்டம் தனியாகத்தான் விற்கிறார்கள். அதைத் தவிர்க்காதீர்கள். அடித்துளைக்குக் கீழே காற்று இருந்தால்தான் வேர் நுனி தானே கருகிப் பக்கவேர் பெருகும். தரையில் வைத்தால் வேர் மண்ணுக்குள் இறங்கிவிடும், எடுக்கும்போது அறுந்துபோகும்.

நந்தியாவட்டை, இட்லிப்பூ மட்டும் வளர்ப்பவருக்குச் சாதாரணக் குழித்தட்டே போதும். காகிதப்பூ வளர்ப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். எடுத்த செடியைக் குழியைவிடச் சற்றே ஆழமான சிறு தொட்டியில், முன்பு இருந்த அதே ஆழத்தில் நட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி இளவேர் அழுகும். உரம் மூன்று வாரத்துக்குப் பிறகுதான்.