மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: எண்ண வேண்டியது பந்தை அல்ல, நொடியை

மூன்று பிளாஸ்டிக் அறைகள், அறைக்கொரு பந்து, பக்கவாட்டில் ஒரு டியூப், அதன் நுனியில் வாயில் வைக்கும் துண்டு. மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்தான். பைபாஸ் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் பலரின் பையில் இது இருக்கும்.

நெஞ்செலும்பைப் பிளந்து அறுவை செய்தவர்கள் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதியில், அதிலும் இடது பக்கத்தில், காற்றுப்பைகள் சுருங்கிவிடும். சளி தேங்கி நிமோனியாவுக்கு வழி விடும். அதைத் தடுக்க ஆழமாக மூச்சை இழுக்கப் பழக்கும் கருவி இது. இழுக்க! இதற்குள் ஊதிப் பார்த்துவிட்டு, பந்து எழவில்லை, கருவி பழுது என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கருவியின் பெரிய குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அறைகளில் போட்டிருக்கும் 600, 900, 1200 என்ற எண்கள் நுரையீரலுக்குள் போன காற்றின் அளவு அல்ல, நொடிக்கு எத்தனை மில்லி என்ற வேகம். வெடுக்கென்று அரை நொடி இழுத்து மூன்று பந்தையும் எழுப்பினால் உள்ளே போவது சுமார் 600 மில்லி. முதல் பந்தை மட்டும் எழுப்பி மூன்று நொடி மேலேயே நிறுத்தினால் 1800 மில்லி. பார்க்கிற வீட்டார் கைதட்டுவதோ மூன்று பந்துக்கு! வேகமாக இழுக்கும்போது கழுத்துத் தசைகள்தான் உழைக்கும், அடி நுரையீரல் விரியாது. பிஸ்டன் மேலேறி அளவைக் காட்டும் வகை விலை கூடுதல். ஆனால் உள்ளே போன மில்லியை நேராகக் காட்டும். கையில் பணம் இருந்தால் அதையே வாங்குங்கள்.

பந்து வகைதான் கிடைத்தது என்றால் இப்படிச் செய்யுங்கள். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து, நிமிர்ந்து உட்காருங்கள். கருவியைக் கண்மட்டத்தில் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் பந்து சுலபமாக ஏறி ஏமாற்றும். மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு, உதட்டால் இறுக மூடி, மெதுவாக இழுங்கள். முதல் பந்து மேலே, இரண்டாவது கீழேயே இருக்கட்டும். இழுத்து முடித்ததும் 3 முதல் 5 நொடி மூச்சை அடக்கி, வாயிலிருந்து எடுத்துவிட்டு வெளியே விடுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் இடையே சற்று ஓய்வு தேவை. அடுத்தடுத்து இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு 10 மூச்சு. முடிந்ததும் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து இரண்டு மூன்று முறை இருமிச் சளியை வெளியேற்றுங்கள். இதை விட்டுவிட்டால் பாதிப் பலன் போச்சு.

இது நடைக்கு மாற்று அல்ல. அமெரிக்கன் அசோசியேஷன் ஃபார் ரெஸ்பிரேட்டரி கேர் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தக் கருவியை மட்டும் நம்பவேண்டாம் என்கிறது. ஆழ்மூச்சு, இருமல், வலி நிவாரணம், சீக்கிரமே எழுந்து நடப்பது எல்லாம் சேர்ந்தால்தான் பயன்.

வாங்கும்போது டியூப் பொருந்தும் இடம் தளர்வாக இல்லையா, அறையில் கீறல் இல்லையா என்று பாருங்கள். காற்று கசிந்தால் எவ்வளவு இழுத்தாலும் பந்து அசையாது. வாய்த்துண்டை இளஞ்சூட்டுச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் போதும். கொதிக்க வைத்தால் பிளாஸ்டிக் கோணிவிடும். அறைக்குள் ஈரம் இருந்தால் பந்து ஒட்டிக்கொள்ளும். ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது.

சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ளவர்களுக்கு இதை வாங்கித் தராதீர்கள் என்பதே எங்கள் கருத்து. அவர்களுக்குச் சிக்கல் காற்று உள்ளே போவதில் அல்ல, வெளியே வராமல் தங்கிவிடுவதில். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து அதைப்போல இரு மடங்கு நேரம் மெல்ல விடும் பயிற்சியும், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் நடையும்தான் அவர்களுக்கு உதவும். நுரையீரலில் காற்று கசிந்து நியூமோதொராக்ஸ் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.