பைக் கவரைக் கழற்ற: வீடா, கராஜா?

பேட்டரி, ஃபியூஸ், ஏர் ஃபில்டர் பார்க்கத்தான் பைக்கின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் கவரைக் கழற்றுவது என்றால் வீட்டு முற்றமே போதும் என்பேன். கராஜில் வேலை சீக்கிரம் முடியும், சரி. ஆனால் அவசரமாக இழுத்தால் கவரைப் பிடித்திருக்கும் உள்பக்கக் காது முறிந்துவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கராஜில் எனக்கு அப்படித்தான் நடந்தது. அப்புறம் கொழும்பு–காலி வீதி முழுக்கக் கடகட சத்தம்தான்.

வீட்டில் நிதானம் நம் கையில். எங்காவது, பெரும்பாலும் சீட்டுக்கு அடியில், ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அதைத் தேடாமல் கவரில் கை வைக்காதீர்கள். கறுப்புப் பிளாஸ்டிக் கிளிப்பை நெம்ப வேண்டாம். பல பைக்குகளில் அதன் நடு ஊசியை மெல்ல உள்ளே அழுத்தினாலே ‘டிக்’ என்று தளரும். ரப்பரில் செருகிய முனையை நேராக வெளியே இழுக்க வேண்டும். இறுகியிருந்தால் சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விடுங்கள். ஜப்பான் பைக் ஸ்க்ரூவில் பிலிப்ஸ் நுனி (வழக்கமான கூட்டல் குறி ஸ்க்ரூடிரைவர்) சரியாக உட்காராது, தலை தேய்ந்துவிடும். ஜப்பான் தர அளவில் செய்த ஜே.ஐ.எஸ். நுனியே நல்லது.

கடற்காற்றில் துருவேறி இறுகிய ஸ்க்ரூ என்றாலோ, முன்பக்கத்தை மூடும் பெரிய கவரான ஃபேரிங்கை முழுதாகக் கழற்ற வேண்டும் என்றாலோ கராஜுக்கே போங்கள். கிளிப் உடைந்தால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.