பழைய 4×4 பிக்கப்புக்கு எந்த டயர்: 31-ஆ, 33-ஆ, 35-ஆ?

பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை உயர்த்த ஸ்பிரிங்கை மாற்றுபவர்கள் உண்டு. பாடிக்கும் சேஸிக்கும் நடுவே கட்டை வைப்பவர்களும் உண்டு. இரண்டிலும் கதவு உயரும், டிஃபரென்ஷியல் (ஆக்ஸிலில் இருக்கும் கியர் உருண்டை) இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் இடிப்பதோ டிஃபரென்ஷியல்தான். அதைத் தரையிலிருந்து தூக்க நடைமுறையில் டயரை விட்டால் வேறு வழியில்லை. அதிலும் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்.

முன்பக்கமும் முழு ஆக்ஸிலோடு வந்த 1980-களின் தொடக்ககால டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். 225/75 ஆர்15 டயர், அதாவது ஏறக்குறைய 28.3 அங்குல விட்டம். டிஃபரென்ஷியல் விகிதம் 4.10, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 சுற்றுச் சுற்ற வேண்டும்.

31×10.5 (விட்டம் 31 அங்குலம், அகலம் 10.5 அங்குலம்) போட்டால் உயரம் 1.3 அங்குலம் கூடும். ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டில் உரசினால் கொஞ்சம் வெட்டிவிட்டால் போதும். 7 அங்குல அகல ரிம் இருந்தால் அதுவே தாங்கும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 88-இல் போகும். ஏற்றத்தில் ஒரு கியர் இறக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

33×12.5-க்கு வந்தால் கதை மாறுகிறது. உயரம் 2.3 அங்குலம் கூடுகிறது, 31-ஐவிட ஒரே ஒரு அங்குலம் அதிகம். அந்த ஓர் அங்குலத்துக்காகத்தான் இத்தனை செலவும்: குறைந்தது எட்டரை அங்குல அகல ரிம், ஸ்பிரிங் உயர்த்தல், மட்கார்டு வெட்டல், எல்லாவற்றுக்கும் மேலாக டிஃபரென்ஷியல் கியர். 4.10-ஐ வைத்துக்கொண்டு 33 ஓட்டினால், 2.4 லிட்டர் கார்பரேட்டர் எஞ்சினுக்கு ஐந்தாம் கியர் வெறும் அலங்காரம். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் கணக்குப்படி 4.78 தேவை, கிடைப்பதில் நெருக்கமானது 4.88. அதையும் முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு கெட்டித் தரையில் ஃபோர் வீலில் போட்டால், இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கி எதையாவது உடைத்துவிடும். டயரின் விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பிரேக்கை யாரும் பேசுவதில்லை. டயர் பெரிதாகவும் கனமாகவும் ஆக ஆக, அதே டிரம்மும் டிஸ்க்கும் நீளமான நெம்புகோலை எதிர்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது. 31-இல் பெரிதாகத் தெரியாது. 33-இல் காலுக்குத் தெரியும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில், நிறுத்துமிடத்தில் தோளுக்கும் தெரியும்.

35 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5.29 கியர், ஸ்பிரிங், ஸ்டீயரிங் என்று எல்லாம் மாறியாக வேண்டும். சக்கரத்தை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால், முன் ஆக்ஸிலின் பர்ஃபீல்ட் ஜாயின்ட் (ஒடியும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) போய்விடும் ஆபத்தும் கூடுகிறது. ஸ்டெப்னி அடியில் நுழையாது. பின்னால் சரக்குத் தொட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். பாறை ஏறுவதற்கென்றே ஒரு வண்டி வைத்திருந்தால் செய்யலாம். சரக்கும் ஏற்ற வேண்டும், ஊருக்கும் போக வேண்டும் என்றால் வேண்டாம்.

பலர் மறந்துவிட்ட நான்காவது வழி 7.50 ஆர்16. கிட்டத்தட்ட 32 அங்குல விட்டம், ஆனால் ஒல்லி. பதினாறு அங்குல விட்டமுள்ள ரிம் வேண்டும். ஆனால் அகலம் குறைவு என்பதால் மட்கார்டிலும் ஸ்பிரிங்கிலும் உரசும் வாய்ப்பு குறைவு, ஸ்டீயரிங்கும் இலகு. மேலே மட்டும் சேறு, அடியில் கெட்டித் தரை என்றால் கீறிக்கொண்டு இறங்கிப் பிடிக்கும். ஆழமான மணலில் 31×10.5-தான் மேல், காற்றைக் குறைத்தால் பரந்து மிதக்கும். சுமை இல்லாதபோது 7.50 குதிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டியின் தோற்றத்துக்கு இது பொருந்துவதுபோல் அகல டயர் எதுவும் பொருந்தாது என்பது என் கட்சி.

கியரில் கை வைக்கப் போவதில்லை என்றால் என் வரிசை இது: மணல் அதிகமென்றால் 31×10.5, கல்லும் சேறும் சுமையும் என்றால் 7.50. ஏற்கெனவே டிஃபரென்ஷியலைக் கழற்றவேண்டிய வேலை வந்திருந்தால் மட்டும் 33-ஐ யோசிக்கலாம், அப்போதும் 12.5 வேண்டாம், 33×10.5 கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது 7 அங்குல ரிம்மிலேயே உட்காரும்.